இணைச்சீருக்கு வந்தவள்

கொலோன், ஜெர்மனி
10 நவம்பர் 1985

ஈஸ்வரா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். வேறு காரணம் தேடி மனசைக் கெடுத்துக்கொள்ளாதே.

யார் கேட்டாலும் "அக்கா ஜெர்மனியில வேலை பாக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுகிறாயாமே, கோயமுத்தூர்த் தோழி எழுதியிருந்தாள். என்ன வேலை என்று அடுத்த கேள்வி வந்தால் என்ன செய்வாய்? ஒரு நடனக் குழுவில் ஆடுகிறாள் என்று சொல், குடி முழுகிவிடாது. சலங்கை கட்டி ஆடுகிறாளா என்று கேட்பார்கள். சலங்கை இல்லை, நகை இல்லை, சாமி கதையும் இல்லை. வெறுங்காலோடு தரையில் விழுந்து புரண்டு எழுந்து ஆடுவது. பத்து வருடம் பரதம் படித்த எனக்கே முதல் வருடம் இது ஆட்டமா அடிதடியா என்று சந்தேகமாக இருந்தது. இப்போது இது இல்லாமல் ஒரு நாள் போனால் உடம்பு என்னோடு சண்டைக்கு வருகிறது.

ஒரு வேலை இருக்கிறது. எங்கள் குழுவை நடத்துகிற மார்கிட் அடுத்த ஆட்டத்துக்கு உடுப்பு தேடிக்கொண்டிருக்கிறாள். இங்கே கிடைப்பதெல்லாம் நைலான், வியர்த்தால் தரையோடு ஒட்டுகிறது. அன்றைக்கு ஒத்திகையில் நீ அனுப்பிய கையில்லாத வெள்ளைப் பனியனைப் போட்டுக்கொண்டு போனேன். மார்கிட் தோள்பட்டையைத் தடவிப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். என் தம்பி தைத்தது என்று சொன்னேன். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் பனியன் தைக்கிற தம்பி இருப்பதுபோல அங்கிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழு முழுவதற்கும் வேண்டும். அளவு தனித்தாளில் இருக்கிறது. லேபிள் வேண்டாம், கழுத்தில் உரசுகிறது.

அம்மாவின் திதியை மறக்காமல் கொடுத்தாயா? ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா
ரங்காத்தாள்


நெருப்பெரிச்சல், திருப்பூர்
5 டிசம்பர் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், மிஷின்கள்தான் சௌக்கியமில்லை. ஓவர்லாக் மிஷின் ஒன்று வாரத்துக்கு ஒரு முறை படுத்துக்கொள்கிறது. மழை வேறு பிடித்துக்கொண்டதால் பிளீச்சிங்குக்குப் போன துணி காயாமல் கிடக்கிறது.

நீ கேட்ட பனியனை ஏர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கட்டிங் மாஸ்டர் பழனிமுத்து அளவுத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது பொம்பளைங்களுக்குங்களா? மார்பு அளவுக்கு மேல இடுப்பைக் கேட்டிருக்காங்களே, எனக்கு ஒண்ணும் பிடிபடலீங்க" என்றார். டான்ஸுக்கு என்று சொன்னேன். அளவுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப அக்குள்ல கொஞ்சம் தாராளமா வெட்டோணுங்க, கையைத் தூக்குவாங்கல்ல" என்றார். தோள் தையலை அவரே பக்கத்தில் நின்று தைக்க வைத்தார். காசு அனுப்பாதே. அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்புவேன்.

நான் நழுவுகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் நழுவவில்லை அக்கா. சொன்னால் அடுத்து பத்துக் கேள்வி வருகிறது, உன் கல்யாணத்தில் போய் முடிகிறது. அப்பாவும் போய் அம்மாவும் போன பிறகு பெரியப்பா வீட்டில்தான் எனக்கு ராத்திரிச் சோறு. சோறு போடுகிற வாய் கேட்கிற கேள்வியை எப்படித் தடுப்பது? நம் குன்னத்தூர்த் தோட்டத்து வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன். நீ வந்தால்தான் திறக்க வேண்டும் என்று ஒரு எண்ணம்.

தம்பி
ஈஸ்வரமூர்த்தி


கொலோன்
22 ஏப்ரல் 1986

ஈஸ்வரா,

நல்ல சேதி. முதலில் உட்கார்ந்துகொள்.

போன வாரம் ஆட்டம் அரங்கேறியது. முடிந்த பிறகு வெபர் என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார். பெரிய துணிக்கடை வரிசைக்குப் பனியன் ரகங்கள் வாங்கிப் போடுகிறவர். நான் என் ஆட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று தலையைத் துடைத்துக்கொண்டு நின்றால், அந்த மனுஷன் என் தோள் தையலைப் பார்க்கிறார். இது எந்த ஊர் பனியன் என்று கேட்டார். உன் விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆட்டத்தின் படங்கள் போட்ட புத்தகம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார். அட்டையிலேயே நான்தான் இருக்கிறேன், உன் பனியனோடு.

அவருக்குச் சாம்பிள் அனுப்பும்போது பழனிமுத்து மாஸ்டரையே வெட்டச் சொல். சொன்ன தேதிக்கு அனுப்பு. இங்கே இவர்களுக்குத் தேதிதான் சாமி.

அடுத்த ஆட்டத்தில் எனக்குத் தனியாக ஒரு பகுதி தரப்போவதாக மார்கிட் சொல்கிறாள். என் உடம்பைப் பார்த்துப் பார்த்தே அதை உருவாக்கப் போகிறாளாம். இங்கே வந்த நாளிலிருந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால் உனக்கு எழுதுகிறேன்.

அக்கா


நெருப்பெரிச்சல்
20 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

வெபர் போன மாதம் நேரிலேயே வந்துவிட்டார். இந்த ஆர்டரை முடிக்க ஷெட்டைப் பெரிதாக்கி, இரண்டு ஷிப்ட் ஓட்டுகிறேன். முன்பெல்லாம் என்னைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இப்போது "வாங்க மொதலாளி" என்கிறார்கள். எல்லாம் உன் தோளில் கிடந்த பனியன் கொண்டுவந்தது.

இன்னொரு விஷயமும் அதனால்தான் வந்தது. சாமளாபுரம் பொன்னுச்சாமி வீட்டில் பெண் பார்த்திருக்கிறது. அவர்களும் எக்ஸ்போர்ட்தான், நம்மைவிடப் பல படி மேலே. பெண் பெயர் மரகதம். பார்த்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது அக்கா, இதற்கு மேல் எழுத வெட்கமாக இருக்கிறது. தை மாதக் கடைசியில் திருப்பூரில் மண்டபம் பேசியாயிற்று.

நீ வர வேண்டும். சும்மா வந்து போவதற்கு இல்லை, இணைச்சீருக்கு. எல்லாருடைய கல்யாணத்திலும் பார்த்திருக்கிறாயே, மாப்பிள்ளை பக்கத்தில் கூடப்பிறந்தவள் உட்கார்ந்து, கூறைச்சேலையின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அவன் பிடிக்க, அருமைக்காரர் நின்று செய்து வைப்பாரே. அது நடந்தால்தான் நான் மாப்பிள்ளை. அம்மா இல்லை, அப்பா இல்லை. எனக்கென்று அந்த மேடையில் உட்கார இருப்பது நீ ஒருத்திதான். இணைச்சீர் செய்தவளுக்குத்தான் நாளைக்கு என் பிள்ளைகளுக்கு அத்தை என்கிற உரிமையும். அந்த இடத்தில் வேறு யாரையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வா.

தம்பி
ஈஸ்வரமூர்த்தி


கொலோன்
14 டிசம்பர் 1986

ஈஸ்வரா, கண்ணு,

வருகிறேன்.

இதை எழுதுவதற்கு இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. நான் எழுதியிருந்தேனே, எனக்கென்று ஒரு தனிப் பகுதி. அது முழுதாக வந்துவிட்டது. சரியாக உன் கல்யாணத்துக்கு இரண்டு நாள் கழித்துப் பாரிஸில் அரங்கேற்றம். மார்கிட்டிடம் உன் கடிதத்தை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாகப் போனது. "போய்விட்டு வா. ஆனால் இனெஸ் அதைக் கற்றுக்கொள்வாள். அவள் ஆடிவிட்டால் அது அவளுடையதாகிவிடும், பிறகு என்னைக் கேட்காதே" என்றாள். இனெஸ் ஸ்பெயின்காரப் பெண், என்னைவிடச் சின்னவள், நன்றாக ஆடுகிறவள்.

இரண்டு வாரம் நடந்து நடந்து யோசித்தேன். இந்த வயதில் இனி எனக்கென்று ஒருத்தர் ஆட்டம் அமைப்பாரா என்று தெரியவில்லை. ஆனால் உனக்கு வேறு அக்கா கிடையாது. டிக்கெட் வாங்கிவிட்டேன். மெட்ராஸில் ஒரு வாரம் தங்கி, சேலை துணிமணி எடுத்துக்கொண்டு, சீருக்கு முதல் நாள் நேராக மண்டபத்துக்கே வந்துவிடுகிறேன். கூறைச்சேலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு மறந்துவிட்டது. இங்கே ஒரு துண்டை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

அக்கா


நெருப்பெரிச்சல்
27 ஜனவரி 1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

எனக்காக உன் அரங்கேற்றத்தை விட்டுவிட்டு வருவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நீ இத்தனை வருடம் கஷ்டப்பட்டது அதற்குத்தானே. பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். அவ்வளவு தூரத்திலிருந்து அலைந்து வந்து, உடனே திரும்பி ஓடி, உனக்கும் சிரமம், அங்கே உள்ளவர்களுக்கும் சங்கடம். பெரியப்பா மகள் குழந்தையம்மாள் இருக்கிறாள், தங்கை முறைதான், அவளை வைத்து இணைச்சீரை முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. நீ பாரிஸில் நல்லபடியாக ஆடு. கல்யாணம் முடிந்து ஒரு ஆறு மாதம் போகட்டும், நிதானமாக வந்து ஒரு மாதம் இரு. தோட்டத்து வீட்டைத் திறந்து வைக்கிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

தம்பி
ஈஸ்வரமூர்த்தி


கொலோன்
19 பிப்ரவரி 1987

ஈஸ்வரமூர்த்திக்கு,

உன் கடிதம் என் கதவுக்கு அடியில் கிடந்தது. ஊரிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அதை மிதித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

தந்தி கொடுத்திருக்கலாமே. ஜெர்மனிக்குக் கடிதம் எத்தனை நாளில் வரும் என்பது எக்ஸ்போர்ட் செய்கிற உனக்குத் தெரியாதா? எழுதவும் வேண்டும், அது என்னைச் சேரவும் கூடாது என்று நினைத்தாயா? அப்படித்தான் நினைத்திருப்பாய். அம்மாவிடம் அடி வாங்கும்போதும் நீ பாதி அழுகையில் நிறுத்திக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறவன்.

மண்டபத்து வாசலில் பெட்டியோடு இறங்கினேன். குழந்தையம்மாள் பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. "அக்கா, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அப்பா உக்காருன்னு சொன்னாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. அந்த மண்டபத்தில் என்னைப் பார்த்து அழுதவள் அவள் ஒருத்திதான்.

உன் மாமனார் மெதுவாகத்தான் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். "அம்மிணி வந்தது சந்தோஷமுங்க. ஆனா வெபர் கொடுத்த பொஸ்தகத்த எங்க பங்காளிக எல்லாரும் பாத்துப்போட்டாங்க. பனியனோட ஆம்பளைக தோள்மேல கெடக்கற புள்ளைய மணையில உக்கார வெச்சா, நாளைக்கு எங்க புள்ளைய என்னன்னு பேசுவாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ உன் கையிலிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அது உன் பனியன். உன் ஷெட்டில் தைத்து, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய பனியன். அந்தப் பந்தியில் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் பனியன்தான் சோறு போடுகிறது. உன் மாமனாருக்கும், அவர் பங்காளிகளுக்கும். அதைத் தைக்கலாம், விற்கலாம், வீடு கட்டலாம், நான் போட்டுக்கொண்டு நின்றால் மட்டும் அசிங்கமா? இது நான் அனுப்பிய உடுப்புங்க, அதனால்தான் எனக்கு இந்த வாழ்வே வந்தது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பிறகும் அவர்கள் வேண்டாம் என்றிருந்தால் நான் வாயைத் திறக்காமல் போயிருப்பேன்.

விருந்தாளிகளோடு உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணுங்க?" என்று கேட்டார். "சொந்தந்தானுங்க" என்றேன். கூறைச்சேலையைக் குழந்தையம்மாள் தப்பாகப் பிடித்தாள், அருமைக்காரர் இரண்டு தடவை திருத்தினார்.

பாரிஸில் இனெஸ் ஆடினாள். எல்லாப் பத்திரிகையிலும் அவளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் இப்போது பின்வரிசையில் ஆடுகிறேன். தினமும் அவள் ஆடும்போது என் உடம்பு அவளுக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து நிறுத்துகிறேன்.

மரகதத்துக்கு என் வாழ்த்து. அவள் நல்லவள். நான் புறப்படும்போது அவள் மட்டும் வாசல் வரைக்கும் வந்தாள்.

ரங்காத்தாள்


நெருப்பெரிச்சல்
30 மார்ச் 1987

அக்காவுக்கு,

நீ எழுதியது எல்லாம் சரி. நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

ஆனால் நீயும் ஒன்று கேட்டுக்கொள். நீ ஆட்டம் படிக்க மெட்ராஸுக்குப் போனபோது அப்பாவிடம் அடி வாங்கியது நான், பஸ் ஏற்றிவிட்டதற்காக. நீ ஜெர்மனிக்குப் போனபோது அம்மா ஒரு வருடம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை, அவளுக்குப் பதிலாக எல்லா வீட்டிலும் போய் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொன்னது நான். நீ கடிதத்தில் "குடி முழுகிவிடாது" என்று எழுதுகிறாய். அங்கேயிருந்து எழுதுவது சுலபம். நீ ஒரு நாள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்தாய், பிறகு விமானம் ஏறிவிட்டாய். நான் அதே ஆட்களிடம் நூல் வாங்க வேண்டும், அதே ஆட்களோடு சாயப்பட்டறையில் வரிசையில் நிற்க வேண்டும், அவர்கள் வீட்டுப் பெண்ணோடு வாழ வேண்டும்.

உன்னிடம் சண்டை போட எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் இப்படி ஆகிவிடுகிறது. பதில் போடு.

ஈஸ்வரமூர்த்தி


(அஞ்சலட்டை)
டோக்கியோ
3 மே 1989

பெண் குழந்தை பிறந்த கடிதம் ஊர் ஊராகச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது. இப்போது அவள் நடக்கவே ஆரம்பித்திருப்பாள். கிருத்திகா நல்ல பெயர். என் ஆசீர்வாதம்.

நேற்று ஒசாகா, நாளை மறுநாள் மாண்ட்ரியால். வருடத்தில் பாதி நாள் பெட்டியோடுதான். வேறொன்றுமில்லை.

ரங்காத்தாள்


கொலோன்
28 ஆகஸ்ட் 1993

அக்காவுக்கு,

விலாசத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவாய். ஆமாம், உன் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். ஜவுளிக் கண்காட்சிக்கு வந்தேன். நாளைக் காலையில் புறப்படுகிறேன். இந்தக் கடிதத்தை ஓட்டல்காரனிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், உனக்கு இரண்டு நாளில் கிடைக்கும். வருவதற்கு முன்னால் உனக்கு எழுதவில்லை. வராதே என்று நீ எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

நேற்று சாயங்காலம் உன் ஆட்டத்தைப் பார்த்தேன். சுவரில் உன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது, அவர்கள் வாயில் நுழைகிற மாதிரி சுருக்கி. நீயே அமைத்த ஆட்டம் என்று வெபர் சொன்னார். எனக்கு அது புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் முழங்கால் தரையில் மோத விழுந்தாய், எழுந்தாய், திரும்ப விழுந்தாய். எனக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. தோட்டத்தில் தேங்காய் விழுகிற மாதிரி ஒரு சத்தம். போதும் விடுங்க என்று எழுந்து சொல்லிவிடுவேனோ என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் எல்லாரும் நின்று கை தட்டினார்கள். நானும் நின்றேன்.

பின்வாசலில் காத்திருந்தேன். நீ வெளியே வந்தாய். முழங்காலில் ஐஸ் பை கட்டியிருந்தாய். நாலைந்து பேரோடு அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று. நான் கையில் சாம்பிள் பையோடு நாலடி தள்ளி நின்றிருந்தேன். அக்கா என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. நீ காரில் ஏறிப் போய்விட்டாய்.

மரகதமும் கிருத்திகாவும் நலம். பொன்னுச்சாமி மாமாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. முழங்காலை டாக்டரிடம் காட்டு.

தம்பி
ஈஸ்வரமூர்த்தி


(அஞ்சலட்டை)
கொலோன்
2 செப்டம்பர் 1993

கூப்பிட்டிருக்கலாம், ஈஸ்வரா. சிரிப்பு நின்றிருக்காது.

அக்கா


நெருப்பெரிச்சல்
6 ஜூன் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போதெல்லாம் யாரும் கடிதம் எழுதுவதில்லை. போன் செய்யலாம் என்று மரகதம் சொன்னாள். இதைப் போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கிருத்திகா பெரிய மனுஷி ஆகிவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் சீர் வைக்க வேண்டும். நம் வீட்டு வழக்கத்தில் இணைச்சீர் செய்த அத்தைதான் மணையில் பக்கத்தில் உட்கார்ந்து பெண்ணுக்கு மாலை போட்டு எழுப்ப வேண்டும். குழந்தையம்மாளோடு நமக்குப் பேச்சு நின்று ஐந்து வருடம் ஆகிறது. தோட்டத்து வாய்க்காலைத் திருப்பியதில் அவள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வாய்த்தகராறு, அது போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் ஆகாது.

அவள் வரமாட்டாள் என்று ஆனதும் யாரை உட்கார வைப்பது என்று பேச்சு வந்தது. பொன்னுச்சாமி மாமா என்ன சொன்னார் தெரியுமா? "இதுல என்னங்க யோசனை, மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்த அக்கா இருக்கறப்ப வேற ஆளு எதுக்குங்க? அம்மிணிய வரச்சொல்லுங்க" என்றார். அவர் இப்போது சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டுக்காரர்களிடம் எல்லாம், சம்பந்தி வீட்டு அம்மிணி உங்கள் ஊரில் பெரிய ஆள் என்று சொல்லிக்கொள்கிறார். பனியன் விஷயம் அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் இதே சுலபத்தில் ஒத்துக்கொண்டிருப்பாரோ என்று நினைத்துப் பார்த்தபோது, அதைவிடக் கோபம் என் மேல் வந்தது.

இது மிச்சமிருந்ததால் கூப்பிடுகிற இடமல்ல அக்கா. முதலிலிருந்தே உன்னுடைய இடம். கிருத்திகா உன் படத்தைப் பார்த்திருக்கிறாள், உன்னைப் பார்த்ததில்லை. எங்கே ஆட்டம் இருந்தாலும் தேதியைச் சொல், அதற்குத் தக்க நான் சீரை மாற்றி வைக்கிறேன். இந்த முறை நான் வாசலில் நிற்பேன்.

தம்பி
ஈஸ்வரமூர்த்தி


கொலோன்
1 ஜூலை 1999

ஈஸ்வரா, கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்திலா என்று கேட்டால் தெரியவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்தக் கடிதம் வந்தால் என்ன பதில் எழுதலாம் என்று விதவிதமாக யோசித்து வைத்திருந்தேன். சிலது ரொம்பக் காரமாக இருந்தது. இப்போது ஒன்றும் உதவவில்லை.

எங்கே ஆட்டம் என்று கேட்டிருக்கிறாய். ஆட்டம் நின்று இரண்டு வருடம் ஆகிறது. லிஸ்பனில் ஒரு நாள் விழுந்தேன், எழுந்திருக்கவில்லை. கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் காத்திருந்தது. இரண்டு முழங்காலையும் அறுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உனக்கு எழுதவில்லை. நீ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று பயம், வராமல் இருந்துவிடுவாய் என்றும் பயம்.

உன் கடிதம் வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு, தரையில் ஒரு துண்டை விரித்தேன். மணையில் உட்காருவதுபோல உட்கார்ந்து பார்க்கலாம் என்று. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். பாதிக்கு மேல் மடங்கவில்லை. எத்தனை ஊரில், எத்தனை மேடையில், எப்படியெல்லாம் மடங்கிய கால். உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் பக்கவாட்டில் சரிந்து அப்படியே கிடந்தேன். மார்கிட் சாவியோடு வந்து தூக்கிவிடுகிற வரைக்கும் கிருத்திகாவுக்கு மாலை போடுவதாக நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

நாற்காலி போட்டுக்கொள்ளலாம், நின்றுகொண்டே செய்யலாம் என்று நீ உடனே எழுதுவாய். எழுதாதே. அன்றைக்கு எல்லாரும் பார்க்க வேண்டியது அந்தக் குழந்தையை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அத்தையைப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு இருக்கிறது ஒரே சீர், அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வரக்கூடாது என்று கோபம் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நம்பு. நீ கூப்பிட்டது என் இடம்தான், எனக்குத் தெரியும். அங்கே வந்து உட்காருகிற உடம்புதான் என்னிடம் இல்லை. அதை ஊர் ஊராகப் போய்ச் செலவழித்துவிட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை என்று இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இந்த ஒரு வாரமாகச் சொல்ல முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், அக்கா சொல்வதாக நினைத்துக் கேள். நாளைக்குக் காலையில் குழந்தையம்மாள் வீட்டுக்குப் போ. ஆளை அனுப்பாதே, காரில் போய் இறங்காதே, மரகதத்தையும் கூட்டிக்கொண்டு நடந்து போ. வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே. அன்றைக்கு மணையில் உன் பக்கத்தில் உட்கார்ந்தது அவள்தான், கூறைச்சேலையைப் பிடித்தது அவள் கைதான். அவள்தான் கிருத்திகாவுக்கு அத்தை. ரங்கா அக்கா போகச் சொன்னாள் என்று சொல். அவள் கோபக்காரி, முதல் தடவை கூப்பிட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். திரும்பி வந்துவிடாதே. வாசலிலேயே நின்று இன்னொரு தடவை கூப்பிடு, சத்தமாக.

அக்கா